கிட் காரில் ரேடியேட்டர் விசிறி பொருத்துதல்

கிட் கார் என்பது, சட்டகமும் உடற்கூடும் ஒரு நிறுவனத்திடமிருந்து பாகங்களாக வாங்கப்பட்டு, எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு முதலியவை பெரும்பாலும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுக்கப்பட்டு, வீட்டுக் கொட்டகையிலேயே ஒன்றுசேர்க்கப்படும் வாகனமாகும். பிரிட்டனில் இவ்வகையில் மிகுதியாகக் கட்டப்படுவது, 1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவனின் வடிவத்தை ஒட்டிய, கூரையற்ற இருவர் கார். 1996-இல் ரான் சாம்பியனின் வழிகாட்டி நூல் வெளிவந்த பிறகு, இதே வடிவில் சட்டகத்தையும் வீட்டிலேயே பற்றவைத்துக் கட்டும் 'லோகாஸ்ட்' வகைக் கார்களும் பெருகின. இந்த அத்தியாயம் அத்தகைய கார் ஒன்றின் மூக்குப் பகுதியில் மின்விசிறியைப் பொருத்தும் முறையை விளக்குகிறது. முன்புறம் ரேடியேட்டர் கொண்ட பிற கிட் கார்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

ஃபோர்டு எஸ்கார்ட் போன்ற பழைய கார்களில் விசிறி, நீர்ப்பம்பின் முனையில் அமர்ந்து எஞ்சினோடு சேர்ந்து சுழன்றது. அங்கு ரேடியேட்டர் விசிறியை ஒட்டியே இருந்ததால் அது போதுமானதாக இருந்தது. செவன் வகைக் காரில் ரேடியேட்டர் முன்னே தள்ளி, தாழ்வான மூக்கினுள் அமர்வதால், எஞ்சினில் உள்ள விசிறியின் இழுப்பு அதை எட்டுவதில்லை. ஆகவே பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரிலேயே மின்விசிறி ஒன்றைப் பொருத்துவதுதான் வழி. கார் மணிக்கு 50 அல்லது 60 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். நெரிசலில் நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும் மட்டுமே விசிறி தேவைப்படுகிறது என்பதை நினைவில் கொண்டால், பின்வரும் முடிவுகள் பலவும் எளிதாகும்.

விசிறியைத் தேர்ந்தெடுத்தல்

ரேடியேட்டரின் நடுப்பகுதி கோர் எனப்படும். நீர் ஓடும் தட்டைக் குழாய்களும், அவற்றுக்கு இடையே மடித்து ஒட்டப்பட்ட மெல்லிய உலோகத் தகடுகளும் சேர்ந்ததே கோர். அதன் பின்னால் நின்று காற்றை இழுக்கும் விசிறி 'புல்லர்' என்றும், முன்னால் நின்று தள்ளும் விசிறி 'புஷர்' என்றும் அழைக்கப்படுகின்றன. பின்னால் இடம் இருக்கும்வரை புல்லரையே தேர்ந்தெடுக்க வேண்டும். புஷர் விசிறியின் மோட்டாரும் இதழ்களும் ஓடும் காரின் எதிர்க்காற்றை மறிப்பதால், நெரிசலில் கிடைத்த நன்மை நெடுஞ்சாலையில் ஓரளவு பறிபோகிறது.

விட்டத்தைப் பொறுத்தவரை, கோரின் குறுகிய பக்கத்திற்குள் அடங்கும் மிகப் பெரிய விசிறியே பொருத்தமானது. ஆனால் விட்டம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. எடுத்துக்காட்டாக, 430 மி.மீ. அகலமும் 320 மி.மீ. உயரமும் கொண்ட கோரின் பரப்பு ஏறத்தாழ 1,376 சதுர செ.மீ.; 10 அங்குல விசிறியின் வட்டப் பரப்போ 507 சதுர செ.மீ. மட்டுமே. விசிறியைக் கோரின் மீது நேரடியாக அழுத்திப் பொருத்தினால், கார் நிற்கும்போது கோரில் ஏறத்தாழ 37 விழுக்காடே காற்றைப் பெறும். எஞ்சிய பகுதியில் வெந்நீர் வீணே சுற்றிக்கொண்டிருக்கும். இந்தக் குறையைப் போக்குவது பெரிய விசிறி அன்று, ஷ்ரவுட் எனப்படும் காற்றுக்கூடு ஆகும். அதன் செய்முறை பின்னர் வருகிறது.

மெலிந்த விசிறிகளின் தடிமன் பெரும்பாலும் 50 முதல் 65 மி.மீ. வரை இருக்கும். மோட்டாரின் நடுப்பகுதிதான் மிகுதியாகப் பின்னே நீளும் என்பதால், வாங்கும் முன் அந்த நீளத்தைத் தயாரிப்பாளரின் வரைபடத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

> குறிப்பு: மின் முனைகளை மாற்றி இணைத்தால் விசிறி எதிர்த்திசையில் சுழலும், ஆனால் வளைந்த இதழ்கள் ஒரு திசைக்கென்றே வடிவமைக்கப்பட்டவை என்பதால் காற்றின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். புஷரைப் புல்லராக்க முனைகளை மாற்றுவது மட்டும் போதாது. சில விசிறிகளில் இதழ்த்தொகுதியைக் கழற்றித் திருப்பிப் போட வசதி உண்டு. அது தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் கூறப்பட்டிருந்தால் மட்டுமே செய்யத்தக்கது.

வேலைக்கு முன் கவனிக்க வேண்டியவை

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பின்னரே கையை மூக்கினுள் நுழைக்க வேண்டும். வெப்ப சுவிட்சால் இயங்கும் விசிறி, யாரும் எதிர்பாராத நொடியில் சுழலத் தொடங்கும் இயல்புடையது. சில இணைப்புகளில் சாவியை எடுத்த பிறகும் அது சுழலும். தளர்ந்த ஆடை, கழுத்துத்துணி, நீண்ட கூந்தல் ஆகியவற்றை ஒதுக்கிக் கட்டிக்கொள்வது கட்டாயம்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் அழுத்த மூடியைத் திறக்கவே கூடாது. 1 பார் அழுத்தத்தில் அடைபட்ட கூலண்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நீர்மமாகவே இருக்கும். மூடி திறந்து அழுத்தம் விலகிய நொடியில் அது ஆவியாகச் சீறி முகத்தில் பாயும். மேலும், கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. வடித்தெடுத்த கூலண்டைத் திறந்த தட்டில் விட்டுவைத்தால் குழந்தைகளுக்கும் நாய், பூனைகளுக்கும் அது உயிராபத்தாகும். மூடியுள்ள கலனில் ஊற்றிப் பெயர் எழுதி வைக்க வேண்டும்.

காரின் அடியில் புகுந்து வேலை செய்ய நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகள் மீது சட்டகத்தை இறக்கி வைக்க வேண்டும்.

இடத்தை அளத்தல்

எஞ்சின், அதன் பெல்ட் புல்லிகள், ஸ்டியரிங் ரேக், முன் சஸ்பென்ஷன் ஆகிய அனைத்தும் தத்தம் இடத்தில் இருக்கும் நிலையில்தான் அளவெடுக்க வேண்டும். வெறும் சட்டகத்தில் எடுத்த அளவு, எஞ்சின் அமர்ந்த பிறகு பொய்த்துப்போவது இவ்வேலையில் அடிக்கடி நேரும் தவறு.

விசிறியின் உருவத்தைக் கெட்டி அட்டையில், மோட்டாரின் புடைப்பு உட்பட, முழு அளவில் செய்து ரேடியேட்டரின் பின் நிறுத்திப் பார்ப்பது எளிய வழி. அசையாத சட்டகக் குழாய்களிலிருந்து குறைந்தது 10 மி.மீ., எஞ்சினோடு சேர்ந்து அசையும் பாகங்களிலிருந்து குறைந்தது 25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் அமர்ந்திருப்பதால், வேகத்தைக் கூட்டும்போதும் பிரேக் போடும்போதும் அது ஆடும். நின்ற நிலையில் 5 மி.மீ. தள்ளியிருக்கும் புல்லி, ஓடும்போது மோட்டாரை உரசிவிடும்.

தாங்கியும் காற்றுக்கூடும்

இந்த வேலையில் மிகப் பரவலாகவும் மிகத் தீங்காகவும் அமைந்த தவறு, விசிறியோடு தரப்படும் பிளாஸ்டிக் ஊசிகளைக் கோரின் ஊடே குத்தி, மறுபக்கம் பூட்டி, விசிறியின் முழு எடையையும் கோரின் மீதே தொங்கவிடுவதாகும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் பலரையும் கவரும் முறை அது. கோரின் குழாய்ச் சுவர் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியளவே தடிமன் கொண்டது. சாலையின் அதிர்வில் அந்த ஊசிகள் சிறிது சிறிதாகத் தகடுகளை அரைத்து, பின் குழாயையும் அரைத்து, கசிவை உண்டாக்குகின்றன. கசிவு தொடங்கும்போது ரேடியேட்டரே வீணாகியிருக்கும். ஆகவே, விசிறியின் எடை கோரின் மீது ஒருபோதும் விழலாகாது. அது ரேடியேட்டரின் பக்கச் சட்டங்களில் அல்லது அதன் பொருத்து காதுகளில்தான் இறங்க வேண்டும்.

இதற்கு மாற்றாக விசிறியைக் கார்ச் சட்டகத்தில் இறுக்குவதும் சரியன்று. ரேடியேட்டர் ரப்பர் மெத்தைகளில் அமர்ந்து ஆடும்போது, சட்டகத்தோடு இறுகிய விசிறி ஆடாமல் நிற்கும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மாறிக்கொண்டே இருந்து, ஒரு குழியில் சக்கரம் விழும்போது இதழ் கோரைத் தொட்டுவிடலாம். விசிறியும் ரேடியேட்டரும் ஒரே தொகுதியாக இறுகி, அத்தொகுதி முழுவதும் ரப்பரின் மேல் அமர்வதே பொருத்தமான அமைப்பு.

1. ரேடியேட்டரைக் கழற்றி மேசை மீது கிடத்தி, கோரின் இரு முகங்களையும் கெட்டி அட்டையால் மூடி ஒட்ட வேண்டும். துளையிடும்போது சிதறும் உலோகச் சீவல்கள் தகடுகளுக்கிடையே சிக்கினால் எடுப்பது கடினம்.

2. 1.2 அல்லது 1.5 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தகட்டில், கோரின் அகல உயரத்தோடு நான்கு பக்கமும் மடிப்புக்கென 25 முதல் 30 மி.மீ. சேர்த்து வெட்ட வேண்டும். மடித்தபின் அது ஆழமற்ற தட்டு ஒன்றின் உருவம் பெறும், இதுவே காற்றுக்கூடு.

3. தட்டின் அடிப்பரப்பில், விசிறி வளையத்தின் உள்விட்ட அளவிற்கு வட்டத்துளை இட்டு, விளிம்பை அரத்தால் மழுங்கச் செய்ய வேண்டும்.

4. கூட்டின் அடிப்பரப்புக்கும் கோருக்கும் இடையே குறைந்தது 20 மி.மீ., இடம் இருந்தால் 25 மி.மீ. இருக்க வேண்டும். இந்த வெற்றிடத்தின் வழியாகத்தான் மூலைகளிலிருந்து வரும் காற்று விசிறியின் வாயை அடைகிறது. கூடு கோரை ஒட்டிவிட்டால், கூடு இருந்தும் இல்லாததற்குச் சமம்.

5. மடிப்பின் ஓரத்தில் மூடிய துளை ரப்பர் நுரைப்பட்டை ஒட்டி, ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தோடு காற்றுப் புகாதபடி அமர்த்த வேண்டும்.

6. ரேடியேட்டருக்குப் பக்கச் சட்டம் இல்லையெனில், 20 மி.மீ. அலுமினியக் கோணச் சட்டங்கள் இரண்டை மேலும் கீழுமாகக் குறுக்கே வைத்து, பொருத்து காதுகளில் எம்6 போல்ட்டால் இறுக்கி, கூட்டை அவற்றில் தாங்கச் செய்யலாம். பிளாஸ்டிக் தொட்டியின் சுவரில் துளையிடுவது கூடவே கூடாது.

7. விசிறியின் நான்கு காதுகளிலும் அகன்ற வாஷரும் நைலாக் நட்டும் கொண்டு இறுக்க வேண்டும். நைலாக் என்பது உள்ளே நைலான் வளையம் கொண்ட, அதிர்வில் தளராத நட். பிளாஸ்டிக் காதுகள் நசுங்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

8. விசிறியைக் கையால் முழுச் சுற்று சுழற்றி, இதழ் எங்கும் உரசவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். பின்னர் அட்டையை நீக்கி, முழுத் தொகுதியையும் ரப்பர் மெத்தைகளின் மீது காரில் ஏற்ற வேண்டும்.

கூடு கோரை முழுவதும் மூடும்போது ஒரு புதிய சிக்கல் தோன்றுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் கோரின் வழியே பாயும் காற்று முழுவதும் விசிறியின் துளை வழியே மட்டும் வெளியேற வேண்டியிருப்பதால், கூடே தடையாகிவிடலாம். கூட்டின் மூலைகளில் 50 மி.மீ. அளவில் துளைகள் இட்டு, ஒவ்வொன்றின் பின்புறமும் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டிய மெல்லிய ரப்பர் மடல்களைத் தொங்கவிடுவது இதற்குத் தீர்வு. வேகத்தில் காற்றின் அழுத்தம் மடல்களைத் திறக்கும். கார் நிற்கும்போது விசிறியின் இழுப்பு அவற்றை மூடிவிடும். பல நிறுவனக் கார்களிலும் இதே அமைப்பைக் காணலாம்.

> குறிப்பு: இடமின்மையால் கூடு செய்ய இயலாதபோது, விசிறியைக் கோரின் நடுவில் வைப்பதைவிட, எஞ்சினிலிருந்து வெந்நீர் நுழையும் பக்கத்தை ஒட்டி வைப்பது மேல். நீருக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு அங்கேதான் மிகுதி.

மூக்கினுள் காற்றின் வழி

காற்று எப்போதும் தடை குறைந்த வழியையே நாடும். கண்ணாடியிழை மூக்குக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இருபுறமும் இடைவெளி விட்டால், வாயினுள் புகுந்த காற்றில் பெரும்பங்கு கோரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். கார் நிற்கும்போது நிலைமை இன்னும் மோசம்: விசிறி பின்னே தள்ளிய வெப்பக் காற்று அதே இடைவெளி வழியாக முன்னே திரும்பி, மீண்டும் கோரினுள் இழுக்கப்படுகிறது. விசிறி எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் வெப்பமானி ஏறிக்கொண்டே போவதற்கு இதுவே பல கார்களில் காரணம்.

மூக்கின் உட்புற வளைவுக்கு ஏற்ப அட்டையில் வார்ப்பு எடுத்து, மெல்லிய அலுமினியத் தகட்டில் பக்கப் பலகைகளும் அடிப்பலகையும் வெட்டி, ரேடியேட்டரிலிருந்து மூக்கின் வாய்வரை மூடிய வழி அமைக்க வேண்டும். தகடு மூக்கைத் தொடும் ஓரத்தில் நுரைப்பட்டை இட்டால் உரசல் ஒலியும் எழாது, கண்ணாடியிழையும் தேயாது. பொறுமை தேவைப்படும் இந்த வேலையைக் கட்டுபவர்கள் பலர் பின்னொரு நாளுக்கென ஒத்திவைக்கின்றனர். மூக்கு எளிதாகக் கழலும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும்.

பிரிட்டனில் இத்தகைய கார் சாலையில் ஓட, 2009 முதல் நடைமுறையில் உள்ள ஐ.வி.ஏ. எனப்படும் தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். மூக்கின் வாயில் கை படக்கூடிய கூர்விளிம்புகளும் அதில் கவனிக்கப்படுகின்றன. வெளியே தெரியும் தகடுகளின் முனைகளை வளைத்தோ ரப்பர் ஓரப்பட்டை இட்டோ மழுங்கச் செய்வது அவசியம்.

மின் இணைப்பு

10 முதல் 12 அங்குல விசிறிகள் பெரும்பாலும் 7 முதல் 15 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். சுழலத் தொடங்கும் நொடியில் அது இரண்டு மூன்று மடங்காக உயரும். இந்த மின்னோட்டத்தை வெப்ப சுவிட்ச் வழியாகவோ டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவோ நேரடியாக அனுப்பினால் அவற்றின் தொடுமுனைகள் கருகும். சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்சான ரிலே இதனால் தவிர்க்க முடியாதது. வழக்கமான கார் ரிலேயில் நான்கு முனைகள் 30, 87, 85, 86 என எண்ணிடப்பட்டிருக்கும்.

1. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு இணைக்க வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு இயன்ற அளவு அருகில் இருக்க வேண்டும். ஃபியூசுக்கு முன்னுள்ள கம்பிக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

2. 87-ஆம் முனையிலிருந்து விசிறியின் பாசிட்டிவ் கம்பிக்கு இணைக்க வேண்டும்.

3. விசிறியின் நெகட்டிவ் கம்பியைச் சட்டகத்தில் பெயின்ட் சுரண்டிய தூய எர்த் முனைக்குத் தனிக் கம்பியாகக் கொண்டுசெல்ல வேண்டும். ரேடியேட்டரின் உடலை எர்த்தாகப் பயன்படுத்தினால், அதன் வழியே கசியும் மின்னோட்டம் அலுமினியத்தை உள்ளிருந்தே அரித்துவிடும்.

4. 86-ஆம் முனைக்குச் சாவி திறந்தால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியை, 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூசுடன் இணைக்க வேண்டும்.

5. 85-ஆம் முனையை வெப்ப சுவிட்சின் ஒரு காலுக்கும், அதன் மறு காலை எர்த்துக்கும் இணைக்க வேண்டும்.

6. விரும்பினால், வெப்ப சுவிட்சுக்கு இணையாக டாஷ்போர்டில் ஒரு கைச் சுவிட்ச் வைக்கலாம். வெப்ப சுவிட்ச் பழுதானாலும் விசிறியை இயக்க இது உதவும் என்பதால், வைப்பதே நல்லது.

கம்பியின் தடிமனை விசிறியின் மின்னோட்டத்தைக் கொண்டும், ஃபியூசின் அளவைக் கம்பியின் தாங்குதிறனைக் கொண்டும் முடிவு செய்ய வேண்டும். மெல்லுறைக் கம்பிகளில் 2 சதுர மி.மீ. கம்பி 25 ஆம்பியரும், 3 சதுர மி.மீ. கம்பி 33 ஆம்பியரும் தாங்கும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. 10 ஆம்பியர் விசிறிக்கு 2 சதுர மி.மீ. கம்பியும் 20 ஆம்பியர் ஃபியூசும் பொருந்தும். ஃபியூஸ் அடிக்கடி போனால், காரணத்தைத் தேடாமல் பெரிய ஃபியூசைப் போடுவது தீ விபத்துக்கு வழி திறப்பதாகும்.

ரிலே சுருளுக்குச் சாவி வழி மின்சாரம் கொடுப்பதா, நிரந்தர மின்சாரம் கொடுப்பதா என்பதில் கட்டுபவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நிரந்தர இணைப்பில், எஞ்சின் நின்ற பின்னும் விசிறி சுழன்று குளிர்விக்கும் என்பது ஒரு தரப்பின் வாதம். ஆனால் நீர்ப்பம்பு நின்றுவிட்ட நிலையில் விசிறி குளிர்விப்பது ரேடியேட்டரினுள் தேங்கிய நீரை மட்டுமே. எஞ்சின் தலையில் உள்ள வெப்பத்தை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. பேட்டரி இறங்கிவிடும் வாய்ப்பையும், நின்ற காரில் கை வைப்பவருக்கு நேரும் ஆபத்தையும் சேர்த்துப் பார்த்தால், சாவி வழி இணைப்பே உயர்ந்தது. ஆனால் விசிறியின் முக்கிய மின்சாரத்தையும் ரிலே இன்றிச் சாவி வழியே எடுக்கக் கூடாது. சாவியைத் திருப்பிய பின் சுழன்று ஓயும் விசிறி ஒரு ஜெனரேட்டராக மாறி, பழைய வகை இக்னிஷன் சுற்றுக்கு மின்சாரம் ஊட்டி, எஞ்சினைச் சற்று நேரம் நிற்கவிடாமல் ஓட்டிவிடும்.

கம்பிகளை மடிப்புக் குழாயினுள் இட்டு, ஏறத்தாழ 300 மி.மீ.க்கு ஒரு பிடிப்பு வைத்து, சுழலும் இதழ்களிலிருந்தும் எக்ஸாஸ்டிலிருந்தும் விலக்கிக் கட்ட வேண்டும். மழைநீர் நேரே அடிக்கும் இடம் அது. ஆகவே நீர்புகா இணைப்பான்களையே பயன்படுத்த வேண்டும்.

வெப்ப சுவிட்சின் அளவு

சுவிட்சின் மீது 92/87 என்பது போல் இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் விசிறி தொடங்கும் வெப்பநிலை, இரண்டாவது நிற்கும் வெப்பநிலை. இவற்றை எஞ்சினின் தெர்மோஸ்டாட்டோடு ஒப்பிட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்கு நீரை விடாமல் தடுக்கும் வால்வு. வெந்நீர் வரும் பக்கத்தில் சுவிட்ச் இருந்து, அதன் நிற்கும் வெப்பநிலை தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலைக்குக் கீழே இருந்தால், நீர் அந்த அளவுக்கு ஒருபோதும் குளிராது. விசிறியும் ஒருபோதும் நிற்காது. 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு 92/87 சுவிட்ச் இயைந்து போகும். 88 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு அது போதாது. குளிர்ந்த நீர் வெளியேறும் பக்கத்தில் சுவிட்ச் இருந்தால் இன்னும் தாழ்ந்த அளவுகள் தேவைப்படும்.

சுவிட்சின் முனை எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். காற்றுக் குமிழியினுள் நிற்கும் சுவிட்ச் எஞ்சின் கொதிக்கும்போதும் உணராமல் இருந்துவிடும்.

முதல் சோதனை

1. செவன் வகைக் காரில் ரேடியேட்டர் எஞ்சினைவிடத் தாழ்ந்து இருப்பதால் காற்று எஞ்சினின் தலையிலும் மேல் ஹோஸிலும் தங்கிவிடும். நிரப்பு தொட்டியே முழுச் சுற்றிலும் உயர்ந்த புள்ளியாக இருக்குமாறு அமைத்து, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, கூலண்டை மெதுவாக ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

2. பேட்டரியை இணைத்து, சாவியைத் திறந்து, கைச் சுவிட்சால் விசிறியை இயக்க வேண்டும். கைச் சுவிட்ச் இல்லையெனில் 85-ஆம் முனையைத் தற்காலிகமாக எர்த் செய்யலாம். ரேடியேட்டரின் முன்புறம் பிடித்த தாள் கோரோடு ஒட்டிக்கொண்டால் திசை சரி. விலகிப் பறந்தால் விசிறி தவறான திசையில் சுழல்கிறது. தாளைக் கோரின் நான்கு மூலைகளிலும் பிடித்துப் பார்த்தால் காற்றுக்கூட்டின் தரமும் தெரிந்துவிடும்.

3. எஞ்சினை நின்ற நிலையில் ஓடவிட்டு, வெப்பமானியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். குறித்த வெப்பநிலையில் விசிறி தொடங்கி, சில நிமிடங்களில் வெப்பம் இறங்கி, தானே நிற்க வேண்டும். வெப்பமானி 105 டிகிரியைத் தொட்டும் விசிறி தொடங்கவில்லை எனில் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும்.

4. முதல் சில பயணங்களுக்குப் பின், எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த நிலையில், எல்லா நட்டுகளையும் ஹோஸ் கிளிப்புகளையும் கூலண்ட் மட்டத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

விசிறி இடைவிடாது ஓடியும் நின்ற நிலையில் வெப்பம் ஏறினால், முதலில் உள்ளே சிக்கிய காற்றையும், பின்னர் மூக்கின் இடைவெளிகளையும், அதன் பிறகே விசிறியின் திறனையும் ஐயுற வேண்டும். நெரிசலில் அமைதியாக இருந்து, மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மட்டும் வெப்பமடையும் காரில் பெரிய விசிறி வாங்குவது பணவிரயம். அங்கே குறை காற்று வழியிலோ, மடல் இல்லாத கூட்டிலோ, அடைபட்ட அல்லது சிறிதாகிப்போன ரேடியேட்டரிலோதான் இருக்கும்.